போர்சலின் ரைல்ஸ் வெட்டும் கருவியைத் தெரிவு செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் தரையில் பதிக்கப்படும் பளபளப்பான எதையும் 'மாபிள்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சுக்கு அது போதும். ஆனால் கட்டடப் பொருள் கடையில் நின்று "மாபிள் வெட்டுற பிளேட் ஒண்டு தாங்கோ" என்று கேட்கும்போது அந்தப் பழக்கமே முதல் தவறாகிவிடுகிறது. கடைக்காரர் கேட்டதைத்தான் தருவார். மாபிள் மென்மையான கல், போர்சலின் அப்படியல்ல. களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை அரைத்து, பெரும் அழுத்தத்தில் அச்சிட்டு, ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுப்பதால், அதன் உடல் முழுவதும் கண்ணாடியைப்போல் இறுகிவிடுகிறது. சுவருக்கு ஒட்டும் சாதாரண செரமிக் ரைல்ஸ் தன் எடையில் 10 வீதத்துக்கும் அதிகமான நீரை உறிஞ்சக்கூடியது. போர்சலின் என்று சொல்லப்படுவதற்கோ அந்த அளவு 0.5 வீதத்தைத் தாண்டக் கூடாது. ஐயம் இருந்தால், ரைல்ஸைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். சுவர் ரைல்ஸில் தண்ணீர் ஊறி அந்த இடம் கருமையாகும். போர்சலினில் அது பெரும்பாலும் விட்டபடியே நிற்கும். கருவி வாங்கப் புறப்படுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இதுதான்.

நான் அதைச் செய்யவில்லை. கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையின் பழைய சீமெந்துத் தரைக்கு மேல் ரைல்ஸ் பதிக்கத் தொடங்கியபோது, அயல்வீட்டுக்காரர் தந்த நான்கு அங்குலக் கிரைண்டரை, அதாவது சுழலும் வட்டத் தட்டால் வெட்டும் கை இயந்திரத்தை, அப்படியே வாங்கி வெட்டினேன். அதில் பூட்டியிருந்தது, மின்குழாய் பதிப்பதற்காகச் சுவரில் தவாளிப்பு வெட்டிய பிளேட். விளிம்பில் இடைவெளி விட்டு விட்டுப் பற்கள் உள்ளது. முதல் ரைல்ஸின் ஓரம் எலி கொறித்தது போல இருந்தது, இரண்டாவது மூலையோடு போனது, மூன்றாவது வெட்டு முடிவதற்கு ஒரு சாண் இருக்கையில் இரண்டாகப் பிளந்தது. நல்ல கிரைண்டர் ஒன்று புதிதாக வாங்குவதென்று முடிவெடுத்தபோது, வழியால் போன மேசன் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "மெசினிலை ஒரு பிழையுமில்லைத் தம்பி, உது சுவர் வெட்டுற பிளேட். பிளேட்டை மாத்துங்கோ" என்றார். மாற்றினேன், அதே பழைய கிரைண்டர் அன்று பின்னேரமே ஒழுங்காக வெட்டியது. இயந்திரத்துக்குப் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, ரைல்ஸைத் தொடுகிற பகுதியில் மிச்சம் பிடிப்பதுதான் இந்த வேலையில் நான் காணும் மிகப் பரவலான தவறு.

வைர பிளேட் எப்படி வெட்டுகிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். அதன் விளிம்பில் உலோகத் தூளோடு நுண்ணிய வைரத் துணிக்கைகள் கலந்து இறுக்கப்பட்டிருக்கின்றன. வெட்டும்போது உலோகம் சிறிது சிறிதாகத் தேய, மழுங்கிய துணிக்கைகள் உதிர்ந்து புதியவை வெளிப்பட வேண்டும். போர்சலின் போன்ற கடினமான பொருள் உலோகத்தை அதிகம் தேய்ப்பதில்லை என்பதால், அதற்கான பிளேட்டில் உலோகப் பிணைப்பு மென்மையாக இருக்க வேண்டும். சுவருக்கோ கொங்கிரீட்டுக்கோ செய்த பிளேட்டில் பிணைப்பு இறுக்கமானது. அதைப் போர்சலினில் வைத்தால் வைரங்கள் மழுங்கி விளிம்பு வழுவழுப்பாகிவிடும், பிறகு வெட்டுவதற்குப் பதிலாக உரசிச் சூடேற்றும், அந்தச் சூட்டிலேயே ரைல்ஸ் வெடிக்கும். ஆகவே பொதியில் போர்சலினுக்கு என்று எழுதப்பட்ட, விளிம்பு இடைவெளியின்றித் தொடர்ச்சியாகவோ நெருக்கமான மெல்லிய வரிகளுடனோ அமைந்த, ஒடுக்கமான பிளேட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நல்ல பிளேட்டும் நாளடைவில் மந்தமாகும். அப்போது சீமெந்துக் கல் ஒன்றில் நாலைந்து தடவை வெட்டினால் புதிய வைரம் வெளிப்படும். வைர பிளேட்டுக்குப் பதிலாக இரும்பு வெட்டும் தட்டால் ரைல்ஸை வெட்ட முயல்வோரும் இருக்கிறார்கள்; தட்டுத்தான் தேயும், ரைல்ஸ் அல்ல.

பிளேட்டின் நடுத்துளையையும் அளந்துகொண்டு போங்கள். 100 மில்லிமீற்றர் கிரைண்டர்களின் அச்சுக்குப் பெரும்பாலும் 16 மில்லிமீற்றர் துளை வேண்டும். மாபிள் கட்டர் எனப்படும் இயந்திரங்கள் பலவற்றுக்கு 20 மில்லிமீற்றர். வளையம் போடாமல் பெரிய துளையுள்ள பிளேட்டை இறுக்கினால் அது மையம் தவறிச் சுழலும். பிளேட்டில் எழுதியுள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது.

அடுத்த தவறு, தரையைத் தாளில் வரைவதற்கு முன்னரே கருவியை வாங்குவது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்வோம். 'ரண்டடி ரைல்ஸ்' என்று நாம் சொல்வது உண்மையில் 60 சென்ரிமீற்றர். இரண்டு அடி என்பது 60.96. பத்தடிச் சுவருக்கு ஐந்து ரைல்ஸ் சரியாக வரும், வெட்டே தேவையில்லை என்று மனக்கணக்குச் சொல்லும். அளந்தால் சுவர் 304.8 சென்ரிமீற்றர், ஐந்து ரைல்ஸ் 300. இடைவெளிக் கோடுகளுக்கு ஒரு சென்ரிமீற்றரும் இரு சுவரோரங்களுக்குமாக இன்னொன்றும் கழித்தால், கடைசியில் மூன்று சென்ரிமீற்றருக்கும் குறைவான ஒரு கீலம் மிஞ்சும். அறுபது சென்ரிமீற்றர் நீளத்துக்கு அந்தக் கீலத்தைக் கீறி முறிக்கும் கைக் கட்டரால் எடுக்க முயல்வது வீண் வேலை. முறிக்கும் பாதம் அழுத்துவதற்குப் போதிய அகலம் இல்லாததால், கோடு பாதி வழியில் விலகிவிடும். அதைத் தவிர்க்க இரு ஓரங்களிலும் சம துண்டு வைத்தால் ஒவ்வொன்றும் 31 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே வரும். கைக் கட்டருக்கு அது உகந்த அளவுதான், ஆனால் பாதி ரைல்ஸைவிட ஒரு விரல் அகலம் கூட என்பதால் ஒரு ரைல்ஸிலிருந்து ஒரு துண்டுதான் கிடைக்கும். அறையின் நீளம், அகலம் இரண்டிலும் அவ்வாறு செய்தால் கீலம் வைக்கும் முறையைவிடப் பத்து ரைல்ஸ் அளவில் கூடுதலாகத் தேவைப்படும். பத்து ரைல்ஸின் விலையையும் தண்ணீர் ஓடியபடி வெட்டும் ஈரவெட்டு இயந்திரத்தின் ஒரு நாள் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். நானாக இருந்தால், அலுமாரி நிற்கப்போகும் சுவரோரமாகக் கீலத்தைத் தள்ளிவிட்டு, அதை ஈரவெட்டில் எடுப்பேன்.

கைக் கட்டரைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறுதான். தூசியில்லை, மின்சாரமில்லை, இரைச்சலில்லை; நேர் வெட்டுகள் நிறைந்த அறைக்கு அதைவிட விரைவான கருவி கிடையாது. ஆனால் ஒல்லியான ஒற்றைத் தண்டில் ஓடும் மலிவான கட்டர் சுவர் ரைல்ஸுக்குச் செய்யப்பட்டது. 9 அல்லது 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள போர்சலினில் அழுத்தும்போது தண்டு வளைந்து கீறல் ஆழம் மாறும். இரட்டைத் தண்டும் கனத்த அடித்தட்டும் உள்ளதை எடுங்கள். நீளத்தைக் கவனியுங்கள்: 60 சென்ரிமீற்றர் ரைல்ஸை மூலைவிட்டமாக வெட்ட ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர் வேண்டும். கீறும் சில்லு டங்ஸ்டன் காபைட்டால் ஆனது. அது மழுங்கினால் சில்லை மட்டும் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். நல்ல சில்லு ஓடும்போது, ஓரத்திலிருந்து ஓரம்வரை அறுபடாத ஒரே சீரான கரகரப்பு கேட்கும், பின்னால் மெல்லிய வெண்கோடு தெரியும். கோடு இடையில் விட்டுப்போயிற்றே என்று மறுபடி இழுக்காதீர்கள். இரண்டாவது கீறல் முதலாவதின் மேல் மிகச் சரியாக விழுவதில்லை. ரைல்ஸ் எந்தக் கோட்டால் முறிவதென்று தெரியாமல் பல்லுப் பல்லாக முறியும். கீறல் ஒன்றே, அழுத்தம் சீரானது, பிறகு ஒரே அமுக்கு.

வாசல் நிலையைச் சுற்றி வரும் எல் வடிவ வெட்டுக்குக் கைக் கட்டர் உதவாது. அங்குதான் கிரைண்டர் வேண்டும். உள்மூலை கூராக இருந்தால் வெடிப்பு அங்கிருந்தே புறப்படும் என்பதால், முதலில் அந்த மூலையில் வைரத் துளைப்பானால் சிறு துளையொன்று இட்டு, இரு வெட்டுகளையும் அதில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். பிளேட் வட்டமானது என்பதை மறந்துவிடுகிறோம். மேற்பக்கத்தில் வெட்டு மூலையைத் தொடும்போது அடிப்பக்கத்தில் இன்னும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே தாண்டி வெட்டாமல், ரைல்ஸைக் கவிழ்த்து அடியிலிருந்து அந்த மிச்சத்தை வெட்டுங்கள். எந்த வெட்டையும் ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல், முதலில் ஓரிரு மில்லிமீற்றர் ஆழத்தில் கோடிட்டு, பின் அதே பள்ளத்தில் இறக்கினால் மேற்பூச்சு உதிராது. வெட்டிய ஓரம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். சுவரடிப் பட்டிக்குக் கீழே மறையும் ஓரத்துக்குக் கிரைண்டர் வெட்டே போதும். வாசலில் கண்ணுக்குத் தெரியும் ஓரத்துக்குத்தான் ஈரவெட்டின் செலவு தகும்.

கிரைண்டர் வேலையில் நம்மவர்கள் செய்யும் ஆபத்தான தவறு ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. போத்தல் மூடியில் ஊசியால் துளையிட்டு, வீட்டில் ஒரு பெடியனை நிறுத்தி, வெட்டுகிற இடத்தில் தண்ணீர் பீச்சச் சொல்வது வழக்கம். சாதாரணக் கிரைண்டரின் காற்றுத் துவாரங்கள் திறந்தவை, தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கையில் இருப்பதோ 230 வோல்ற். தண்ணீர் வேண்டுமென்றால், தண்ணீர்க் குழாய் பொருத்துவதற்கென வடிவமைத்த மாபிள் கட்டரையோ மேசை ஈரவெட்டு இயந்திரத்தையோ, 30 மில்லி அம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் றிப் சுவிச் உள்ள இணைப்பில் மட்டும் பயன்படுத்துங்கள். அது வேலை செய்கிறதா என்பதை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரில்லாமல் வெட்டினால் கிளம்பும் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்த பின் அது வெளியேறுவதில்லை, சிலிக்கோசிஸ் நோய்க்கும் புற்றுநோய்க்கும் அது காரணமாகிறது. முகத்தில் துவாயைச் சுற்றிக் கட்டுவது அதைத் தடுக்காது. என்95 தரத்திலான முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, முற்றத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வெட்டுங்கள். இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வெட்டுபவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள்.

துளைகளைப் பொறுத்தவரை தவறு ஒன்றுதான்: சுவர் துளைக்கும் கம்பியை மாட்டி, அடிக்கும் இயக்கத்தில் துளைப்பானை ஓட்டுவது. அந்த இயக்கத்தை நிறுத்திவிட்டு, வைரக் குழாய்த் துளைப்பானைச் சற்றுச் சரித்துத் தொடங்கி, பிறை வடிவில் பள்ளம் விழுந்தபின் நிமிர்த்தி, ஈரமாக வைத்துக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும். பெரிய குழாய்த் துளைப்பானுக்கு வேகம் குறைவாக இருக்க வேண்டும். கொமட்டின் நான்கு அங்குலக் குழாய்க்கு அவ்வளவு பெரிய துளைப்பான் வாங்க வேண்டியதில்லை. பின்பக்கத்தில் வட்டம் வரைந்து, கிரைண்டரால் சிறு சிறு நேர் வெட்டுகளாகச் சுற்றி எடுத்துவிடலாம். ஓரத்தின் கரடுமுரடைக் கொமட்டின் அடிப்பாகம் மறைத்துவிடும்.

ஈரவெட்டு இயந்திரத்தை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்குபவர்களுக்கு, எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். சுண்ணாம்புக்கல் தரையிலிருந்து வரும் கடின நீர் அது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவே இயந்திரத்தின் சிறு பம்பியிலும் நீர் வரும் துவாரத்திலும் படியும். தொட்டியில் வெட்டுச் சேற்றோடு தண்ணீரை விட்டுவிட்டு அடுத்த கிழமை திரும்பி வந்தால், துவாரம் அடைத்து, பிளேட் காய்ந்தபடி ஓடும். அன்றன்றே தொட்டியைக் கழுவி, துவாரத்தைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, பிளேட்டைத் துடைத்துக் கழற்றி வையுங்கள்.