புழுவில் இருக்கும் எண்ணெய் எங்கே கெட்டுப்போகிறது?

உணவுக் கழிவை ஒருவகை ஈயின் புழுவுக்குப் போட்டு, பயோடீசலுக்கோ சோப்புக்கோ எண்ணெய் எடுக்கலாம் என்று கேள்விப்பட்டதும் பலரும் முதலில் போடுவது பெருக்கல் கணக்கு. ‘புழுவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு’ என்று எங்கோ படித்திருப்பார்கள். அது காய்ந்த புழுவின் எடையில் என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஈரக் கழிவு 100 கிலோ போட்டால், நன்றாக நடக்கும் தொட்டியில் 20 கிலோ அளவுக்கு உயிர்ப்புழு கிடைக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மிஞ்சும் ஆறேழு கிலோவில் 30 சதவீதம் கொழுப்பு என்று வைத்தாலும் 2 கிலோதான் தேறும். பிழியும்போது அதிலும் கொஞ்சம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெயை மட்டும் நம்பி இறங்கினால் கையைக் கடிக்கும். புரதம் நிறைந்த பிண்ணாக்கையும் தொட்டியில் மிஞ்சும் எருவையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

இந்த வேலைக்கு உகந்தது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு; பிளாக் சோல்ஜர் ஈ என்றால் பலருக்குத் தெரியும். வீட்டு ஈயின் புழுவையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிப்பாய் ஈ வளர்ந்தபின் உணவைத் தேடி அலைவதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்தே தன் சில நாள் வாழ்வை ஓட்டிவிடுகிறது. நாம் எடுக்க நினைப்பதும் அந்தச் சேமிப்பைத்தான்.

தொட்டியில் நடக்கும் தவறுகளில் பெரியது, அன்பு மிகுதியால் அள்ளிக் கொட்டுவது. ஐந்து நாள் வயதுக் குஞ்சுப்புழு 10,000 இருந்தால், 15 கிலோ ஈரக் கழிவைப் பிரித்துப் பிரித்துப் போட்டு 12 நாளில் முடிக்கலாம். ஒரே நாளில் முழுவதையும் குவித்தால் அடியில் காற்றுப் போகாமல் புளித்து நாறும். இரையின் உயரம் 5 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கழிவு குழம்பாக ஓடினால் வடித்துவிட்டுப் போடுங்கள். புழுக்கள் கூட்டம் கூட்டமாகத் தொட்டிச் சுவரில் ஏறுகின்றன என்றால் உள்ளே ஈரமோ சூடோ மிஞ்சிவிட்டது என்று பொருள். வெளியே 28 டிகிரிதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. நெருக்கியடித்து மேயும் புழுக்கள் தாமே சூட்டைக் கிளப்பும். கூட்டத்தின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தால்தான் தெரியும்.

‘கொழுப்புதானே வேண்டும், பொரித்த எண்ணெயையே ஊற்றிவிடலாம்’ என்பது அடுத்த குறுக்குவழி. எண்ணெய் மிஞ்சினால் புழுவின் மேல் படிந்து மூச்சுத் துளைகளை அடைக்கும். அதற்கு அவசியமும் இல்லை. மாவுச்சத்தைத் தின்றே இந்தப் புழு, தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை உண்டாக்கிக்கொள்ளும். அதனால்தான் இதன் கொழுப்பு தேங்காய் எண்ணெயைப் போலக் குளிரில் உறைகிறது. வெறும் காய்கறித் தோலைப் போட்டு வளர்த்தால் புழு மெலிந்துதான் வரும். மாவுப்பொருளைக் கலந்து கொடுங்கள்.

அறுவடையைத் தள்ளிப்போடுவதும் நஷ்டம். புழு கருத்துவிட்டது என்றால் தின்பதை நிறுத்திவிட்டது, தோல் தடிக்கிறது. கூட்டுப்புழுவாகும் வரை விட்டுவைத்தால் சேர்த்த கொழுப்பை அதுவே செலவழிக்கத் தொடங்கும். வெளிர் நிறக் கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருப்புத் தலைகாட்டும் நாளே நான் சல்லடையை எடுக்கும் நாள்.

இதுவரை சொன்ன தவறுகளால் எண்ணெயின் அளவுதான் குறையும். புழுவைக் கொல்லும் விதத்தில் தவறினால் தரமே போய்விடும். ஃப்ரீசரில் வைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். உறைய வைத்தால் புழு சாகும், ஆனால் அதன் உடலில் கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் நொதி சாகாது. உறைந்த புழு இளகியதும், அல்லது இளஞ்சூட்டில் மெதுவாக உலர்த்தும்போது, அது தன் வேலையைத் தொடரும். கொழுப்பு உடைந்து தனிக் கொழுப்பமிலமாகும். எனக்குக் கிடைத்தது கரும்பழுப்பாக, தொண்டையைக் கமறும் வாடையோடு. உயிரோடு அரைப்பதும் இதே கதைதான். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போல முக்கி எடுத்தால் புழுவும் நொதியும் ஒருசேர அடங்கும். ஆனால் ஒரே நேரத்தில் கூடை கூடையாகக் கொட்டினால் நீர் கொதி அடங்கிப் பாதி வெந்தும் வேகாமலும் போகும். சிறு சிறு ஈடாகப் போடுங்கள்.

வெந்த புழுவைத் தாமதிக்காமல் உலர்த்த வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தபின், லேசாகச் சூடேற்றித் திருகு செக்கில் கொடுத்தால் எண்ணெய் இறங்கும். இன்னும் ஒரு சொட்டு விடாமல் எடுக்கிறேன் என்று வீட்டில் எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் திரவத்தைத் தொடாதீர்கள். உறைபனிக் குளிரிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும்; அது ஆலைக்கான வேலை.

பிழிந்த எண்ணெயை அப்படியே டீசல் இன்ஜினில் ஊற்றினால், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைபடும். பயோடீசலாக்க மெத்தனாலும் காரமும் வேண்டும். தனிக் கொழுப்பமிலம் 1 சதவீதத்தைத் தாண்டினாலே காரம் அதைப் பிடித்துச் சோப்பாக்கிக் கலவையைக் கெடுக்கத் தொடங்கும். ஃப்ரீசரில் செய்த தவறு இங்கேதான் வட்டியோடு திரும்பி வரும். அந்த அமிலத்தை அளந்து பார்த்து, கூடுதலாக இருந்தால் அதைக் குறைக்க முதலில் கந்தக அமிலத்தை வைத்து மெத்தனாலோடு ஒரு சுற்று ஓட்டவேண்டும். மெத்தனால் நஞ்சு, எரிந்தால் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இந்த வேலையெல்லாம் காற்றோட்டமான வெளியில்தான்.

சோப்பு செய்பவர்களுக்கு ஒன்று. லாரிக் அமிலம் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய்க்கான காஸ்டிக் அளவை அப்படியே போடாதீர்கள். புழு எண்ணெய்க்குப் பொதுவாக அதைவிடக் குறைவான காஸ்டிக்தான் தேவை. மிஞ்சிய காரம் சோப்பிலேயே தங்கித் தோலைப் புண்ணாக்கும். தின்ற இரையைப் பொறுத்து எண்ணெயின் தன்மை மாறுவதால், ஒவ்வொரு ஈட்டுக்கும் எவ்வளவு தேவை என்று புதிதாக அளந்துதான் காஸ்டிக் கலக்க வேண்டும்.