டி.என்.ஏ. இணைவிதி: திசையை மறந்து எழுதும் தவறுகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ் வழியில் படித்துப் பிளஸ் டூ அறிவியல் பிரிவுக்கு வரும் மாணவர்களிடம், டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் அடினைனுடன் (ஏ) தைமினும் (டி) குவானைனுடன் (ஜி) சைட்டோசைனும் (சி) இணையும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அப்படியிருந்தும் தேர்வில் மதிப்பெண் குறைவதற்கு முதற்காரணம், இழையை எந்த முனையிலிருந்து எழுதுகிறோம் என்பதைக் கவனிக்காமல் விடுவதே.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். 5′-ஏடிடிஜிசிசி-3′ என்ற இழைக்கு நிரப்பு இழை எது? பலர் எழுத்துக்கு எழுத்து மாற்றி 5′-டிஏஏசிஜிஜி-3′ என்று எழுதுகிறார்கள். எழுத்துகள் சரி, முனைகள் தவறு. இரட்டைச் சுருளின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் செல்வதால், சரியான விடை 3′-டிஏஏசிஜிஜி-5′. அதையே வழக்கப்படி 5′ முனையிலிருந்து படித்தால் ஜிஜிசிஏஏடி என்று வரும். 5′, 3′ என்பவை வெறும் அடையாளக் குறிகள் அல்ல. டி-ஆக்ஸிரைபோஸ் சர்க்கரையின் கார்பன்களுக்கு இட்ட எண்கள் அவை: ஐந்தாம் கார்பனில் ஃபாஸ்பேட், மூன்றாம் கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி. டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதி புதிய நியூக்ளியோடைடை (சர்க்கரை, ஃபாஸ்பேட், காரம் சேர்ந்த அலகை) அந்த ஹைட்ராக்சில் இருக்கும் 3′ முனையில் மட்டுமே சேர்க்க வல்லது என்பதால், திசையைத் தவறவிட்டவருக்கு டி.என்.ஏ. தன்னைப் படியெடுப்பதை விளக்கும், அடுத்து வரும் இரட்டிப்பாதல் பாடம் முழுவதும் குழம்பிப்போகும்.

இதே குழப்பம், டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட வரிசையில் வெட்டும் கட்டுப்பாட்டு நொதிகளிலும் தலைகாட்டும். ஈகோ ஆர் ஒன் நொதி அடையாளம் காணும் ஜிஏஏடிடிசி என்ற வரிசையைப் பாலிண்ட்ரோம் (இருவழியும் ஒன்றாகப் படிக்கப்படுவது) என்று சொன்னவுடன், 'விகடகவி'யைப் போலத் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டு, 'சிடிடிஏஏஜி என்றல்லவா வருகிறது, புத்தகம் தப்பு' என்று சில பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரே இழையைத் திருப்பிப் படிப்பது இங்கே கணக்கில்லை. எதிர் இழையை அதன் 5′ முனையிலிருந்து படித்தால் அதே ஜிஏஏடிடிசி கிடைக்கும். அதுதான் இங்கு பொருள்.

பிணைப்புகளைப் பற்றிய தவறுகளும் குறைவில்லை. ஹைட்ரஜன் பிணைப்பு இரு இழைகளுக்கு இடையே குறுக்காக அமைவது. ஒரே இழையில் அடுத்தடுத்த நியூக்ளியோடைடுகளைக் கோப்பது ஃபாஸ்போடையெஸ்டர் என்னும் வலுவான சகப்பிணைப்பு. டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். கருவியில் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கும்போது இழைகள் பிரிகின்றன, ஆனால் ஒவ்வொரு இழையின் சர்க்கரை–ஃபாஸ்பேட் முதுகெலும்பு அறுவதில்லை என்பதை நினைவில் வைத்தால் இரண்டும் கலங்காது. ஹைட்ரஜன் பிணைப்புகள் அடினைன்–தைமினுக்கு இரண்டு, குவானைன்–சைட்டோசைனுக்கு மூன்று என்ற எண்ணிக்கை சரி. ஆனால் 1953இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த மாதிரியில் குவானைன்–சைட்டோசைனுக்கும் இரண்டுதான் இருந்தன, மூன்றாவதை 1956இல் பாலிங்கும் கோரியும் காட்டினர். சுருளின் உறுதி முழுவதையும் இந்த எண்ணிக்கையிலேயே ஏற்றிவிடுவதும் பிழைதான். காரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுவதால் எழும் ஈர்ப்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

பெரிய காரமான பியூரினும் (அடினைன், குவானைன்) சிறிய காரமான பிரிமிடினும் (தைமின், சைட்டோசைன்) இணைவதால்தான் சுருளின் விட்டம் எங்கும் 2 நானோமீட்டராக இருக்கிறது என்று எழுதி நிறுத்துவது அரைகுறை விடை. அடினைனும் சைட்டோசைனும்கூட பியூரின், பிரிமிடின்தானே, அவை ஏன் இணைவதில்லை? ஹைட்ரஜனைத் தரும் இடமும் ஏற்கும் இடமும் அவற்றில் நேருக்கு நேர் பொருந்துவதில்லை. இந்த ஒரு வரியைச் சேர்த்தால்தான் விடை நிறைவு பெறும்.

அடினைன் அளவு தைமினுக்கும், குவானைன் அளவு சைட்டோசைனுக்கும் சமம் என்னும் சார்காஃப் விதியைப் பயன்படுத்தும் கணக்கில், குவானைன் 20 விழுக்காடு என்றால் சைட்டோசைன் 20, அடினைனும் தைமினும் தலா 30 என்பது எளிது. சித்தூர் வயலின் நெல்லுக்கும் மனிதருக்கும் விழுக்காடுகள் வேறாகலாம், ஆனால் சமன்பாடு மாறாது. வினாவில் ஒற்றை இழை டி.என்.ஏ. என்ற சொல் ஒளிந்திருந்தால் மட்டும் பேனாவை நிறுத்த வேண்டும். ஃபை எக்ஸ் 174 வைரசைப் போன்றவற்றில் இணை இல்லாததால் அந்தச் சமன்பாட்டைக் கொண்டு எதையும் கணக்கிட முடியாது.

நீளக் கணக்கில் 3.4 நானோமீட்டர் ஒரு முழுச் சுற்றுக்கும், 0.34 நானோமீட்டர் அடுத்தடுத்த இரு இணைகளுக்கு இடைப்பட்ட தொலைவுக்கும் உரியவை. மனித உடற்செல்லின் 660 கோடி இணைகளை 0.34ஆல் பெருக்கினால் சுமார் 2.2 மீட்டர் வரும்; 3.4ஆல் பெருக்கியவருக்கு 22 மீட்டர் வரும், அதைப் பார்த்தும் சந்தேகம் எழாவிட்டால் விடைத்தாள் திருத்துபவருக்குத்தான் வருத்தம். 330 கோடி என்பது ஒருமடியத் தொகுதியின் (விந்து, முட்டை போன்ற செல்லில் உள்ள ஒற்றைத் தொகுதியின்) அளவு என்பதையும் மறக்கலாகாது.

வரலாற்று வினாவில் டி.என்.ஏ.வை 'கண்டுபிடித்தவர்கள்' வாட்சன், கிரிக் என்று எழுதக் கூடாது. அப்பொருளை 1869இல் பிரித்தெடுத்தவர் மீஷர். 1953இல் வெளியானது அதன் அமைப்பு, அதற்குத் துணைநின்ற எக்ஸ்-கதிர்ப் படங்கள் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்விலிருந்து வந்தவை.

கடைசியாகப் படம். செல்லில் வழக்கமாகக் காணப்படும் பி வடிவ டி.என்.ஏ. வலப்புறம் முறுக்கியது, ஆகவே சுருளை நிமிர்த்தி வரைந்தால், நம் பக்கம் தெரியும் இழைப்பகுதி கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏற வேண்டும். சுவரொட்டிகளிலும் விளம்பரங்களிலும் இது அடிக்கடி தலைகீழாக அச்சாகிறது என்பதால், அவற்றைப் பார்த்து வரைந்து பழகாமல் இருப்பது நல்லது.