ட்ரெய்லரை எண்ணிப் பாருங்கள்

என் முதல் ஆய்வுக்கு இருபது ட்ரெய்லர்களைப் பார்த்துவிட்டு 'வேகமாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: எவ்வளவு வேகம்?

அதனால் எண்ணுங்கள். ஒரே வகைப் படங்களின் மூன்று ட்ரெய்லர்கள் போதும். முதல் தடவை சும்மா பாருங்கள். அப்புறம் ஒலியை அணைத்துவிட்டு, ஷாட் (வெட்டில்லாமல் ஓடும் ஒரு காட்சித் துண்டு) மாறும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடுங்கள். 150 நொடியில் 100 ஷாட் என்றால் சராசரி ஒன்றரை நொடி. ஆனால் சராசரி ஏமாற்றும். முதல் 30 நொடியையும் கடைசி 30 நொடியையும் தனித்தனியாக எண்ணினால்தான் சங்கதி பிடிபடும். நான் எண்ணிய ஒரு பேய்ப்பட ட்ரெய்லரில் தொடக்கத்தில் 9 கோடு, முடிவில் 41. கை வலித்தது.

மூன்றாவது தடவை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். இசை சட்டென்று நிற்கும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அலறலோ சிரிப்போ பெரும்பாலும் அந்த மௌனத்தை ஒட்டித்தான் வரும்.

ஒப்பிட ஒரு பழையது வேண்டுமா? 1960இல் வந்த 'சைக்கோ' ட்ரெய்லரில் இயக்குநர் ஹிட்ச்காக்கே செட்டைச் சுற்றிக்காட்டுகிறார், ஆறு நிமிடத்துக்கும் மேல். இன்றைய அவசரம் அதன் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது.

சரி, ஒரு எச்சரிக்கை: தயாரிப்பு நிறுவனமே வெளியிட்ட பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரசிகர் ஒருவர் வெட்டி ஒட்டியதை அசல் என்று நம்பி ஒரு மாலை முழுக்க எண்ணியிருக்கிறேன்.