லினக்ஸ் கேட்வே சர்வருக்கு வன்பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது, இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில், இணைய இணைப்பை எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கவும் கோப்புகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளவும் ஒரு லினக்ஸ் இயந்திரம் அமைக்கலாம் என்று முடிவானதும், "எந்த ப்ராசஸர், எத்தனை ஜிபி ரேம்?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இந்தக் கேட்வே இயந்திரத்துக்கு இவை இரண்டும் பின்னால் பார்க்க வேண்டியவை. தன் வழியே செல்லும் ஓர் இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ள லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குச் சில நூறு பைட்டுகளே தேவைப்படுகின்றன. ஒரு லட்சம் இணைப்புகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தாலும் அதற்கு நூறு எம்பி ஆகாது. ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுப்பது), டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி வழங்குவது), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றுவது) மட்டும் என்றால் 2 ஜிபி தாராளம். கோப்புப் பகிர்வும் சேர்ந்தால் 8 ஜிபி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ரேமுக்குக் கொடுக்கும் பணம் நெட்வொர்க் கார்டுக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

ஏனென்றால் கேட்வேயின் உயிர் அதன் லேன் போர்ட்டுகளில்தான் இருக்கிறது. இணையத்துக்கு ஒன்று, உள் வலைப்பின்னலுக்கு ஒன்று என இரண்டு போர்ட்டுகள் வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் ஒன்றுதான் இருக்கும். இரண்டாவதற்கு யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைச் செருகிச் சமாளிப்பது மிகப் பரவலான தவறு. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். அமைத்த நாளில் எல்லாம் சரியாகவே ஓடியது. இரண்டு வாரம் யாரும் குறை சொல்லவில்லை. மாதத்தின் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாளன்று, அனைவரும் ஒரே நேரத்தில் வேலை செய்தபோது இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. கர்னல் பதிவைத் திறந்து பார்த்தால், அடாப்டர் துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி, இரண்டு விநாடி கழித்துப் புதிய எண்ணோடு மறுபடி இணைந்ததாக இன்னொரு வரி, பிறகு மீண்டும் அதே இரண்டு வரிகள். ஒவ்வொரு முறையும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைய நிறுவனத்தோடு இணையும் பிபிபிஓஈ இணைப்பு புதிதாகத் தொடங்க வேண்டியிருந்ததால், தாக்கல் செய்துகொண்டிருந்தவர்கள் தளத்துக்குள் மறுபடி மறுபடி நுழைய வேண்டியதாயிற்று. மறுநாள் மதர்போர்டிலேயே செருகும், இரண்டு போர்ட்டுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றைப் பொருத்திய பிறகு அந்த வரிகள் வரவில்லை.

கார்டு வாங்கும்போதும் பொருத்தும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பிசிஐ ஸ்லாட்டுகள் எல்லாம் சேர்ந்து விநாடிக்கு 133 மெகாபைட்டைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. கிகாபிட் வேகம் ஒரு திசையில் மட்டுமே 125 மெகாபைட் கேட்கிறது. கேட்வேயிலோ ஒரு கார்டில் நுழையும் தரவு மற்றொன்றின் வழியே வெளியேறியாக வேண்டும். எனவே அந்த ஸ்லாட்டில் இரண்டு கார்டு போட்டால் கிகாபிட் என்பது அட்டைப்பெட்டியில் மட்டும்தான் இருக்கும். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியும் இதற்குப் பொருந்தாது: அதன் 3பி மாதிரியின் லேன் போர்ட் 100 மெகாபிட் வேகமே கொண்டது, அதுவும் உள்ளே யூஎஸ்பி வழியாக இணைந்தது. 2019இல் வந்த பை 4 முழு கிகாபிட் தந்தாலும் போர்ட் ஒன்றுதான்.

கார்டில் உள்ள நிறுவனப் பெயரை மட்டும் நம்புவதும் தவறு. சிப்பின் எண்ணைக் கேட்க வேண்டும். இன்டெலின் ஐ210, ஐ350 சிப்புகள் லினக்ஸில் நெடுங்காலமாக நம்பகமாக ஓடுபவை. அதே நிறுவனத்தின் 2.5 கிகாபிட் ஐ225 சிப்பின் தொடக்கப் பதிப்புகளில் வன்பொருள் குறையே இருந்தது. பிந்தைய பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது. ரியல்டெக்கின் 8125 சிப்பில் தவறு ஏதுமில்லை, ஆனால் 5.4க்கு முந்தைய கர்னலில் அதற்கான டிரைவர் கிடையாது.

செயலியைப் பொறுத்தவரை, கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். கிகாபிட் இணைப்பில் 1500 பைட் அளவுள்ள முழுப் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) விநாடிக்குச் சுமார் 81 ஆயிரம் வரும். மிகச் சிறிய 64 பைட் துண்டுகளாக வந்தால் அது 14.88 லட்சமாகும். குரல் அழைப்புகள் சிறிய பாக்கெட்டுகளாகவே வருவதால், வேகம் குறைவாகத் தெரியும் நேரத்திலும் செயலிக்கு வேலை கூடியிருக்கலாம். ஃபைபர் இணைப்பு பிபிபிஓஈ வகையாக இருந்தால், பல கார்டுகளால் அந்தப் போக்குவரத்தைக் கோர்களுக்கிடையே பிரித்துக் கொடுக்க முடியாது. சுமை முழுவதும் ஒரே கோரின் மேல் விழும். விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலைப்பின்னலுக்குள் குறியாக்கத்தோடு நுழையும் வழி) தேவையென்றால் ஓபன்விபிஎன், வயர்கார்டு ஆகிய மென்பொருள்களில் எதைப் பயன்படுத்தப் போகிறோம் என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஓபன்விபிஎன்னில் வழக்கமான ஏஇஎஸ் குறியாக்கத்துக்குச் செயலியிலேயே ஏஇஎஸ் கட்டளைகள் இருப்பது பெரிதும் உதவும்; 2020 மார்ச்சில் 5.6 கர்னலோடு சேர்ந்த வயர்கார்டு வேறு குறியாக்கத்தைப் பயன்படுத்துவதால் அது இல்லாமலும் நன்றாக ஓடும்.

வைஃபையையும் அதே இயந்திரத்திலிருந்தே கொடுக்க நினைப்பது வேண்டாம். மடிக்கணினிகளில் வரும் இன்டெல் வைஃபை கார்டுகள் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸில் அக்சஸ் பாயிண்ட்டாக (மற்றவர்களுக்கு வைஃபை தரும் கருவியாக) இயங்க மறுக்கும். தனி அக்சஸ் பாயிண்ட் ஒன்றை உயரத்தில் மாட்டுவதே சரி.

கோப்புச் சேமிப்பை கேட்வேயிலேயே வைப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. டிஸ்க் பழுதானால் அலுவலகத்துக்கு இணையமும் சேர்ந்து போகும். வெளியுலகைப் பார்த்து நிற்கும் இயந்திரத்துக்குள்ளேயே கணக்குக் கோப்புகளும் இருக்கும். பணம் இடங்கொடுத்தால் இரண்டு சிறிய பெட்டிகளாகப் பிரித்துவிடுவது நல்லது. ஒன்றாகத்தான் வைக்க வேண்டுமென்றால், சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு வேறு டிஸ்க் என்று பிரியுங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்கை, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்டில் போடாதீர்கள். பழுதான டிஸ்க்கை மாற்றி மீளமைக்கும்போது அது மிகவும் தாமதிக்கும். ரெய்டு இருக்கிறதென்று பேக்கப்பை விட்டுவிடவும் கூடாது. தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு திருப்பித் தராது.

மின்சாரத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சும்மா கிடைத்த பழைய டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தால், இரவும் பகலும் ஓடி இரண்டு மாத பில்லில் சுமார் 86 யூனிட் சேரும். 12 வாட் மினி பிசி 17 யூனிட்டோடு நிற்கும். அதைவிட முக்கியமானது, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது இயந்திரம் தானாக எழுந்திருக்க வேண்டும் என்பது. அதற்கான பயாஸ் (இயந்திரம் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு பல மதர்போர்டுப் பலகைகளில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்; சில மலிவான பலகைகளில் அந்த அமைப்பே இருக்காது. அப்படிப்பட்டதை வாங்கினால், ஞாயிறன்று மின்சாரம் போய் வந்ததற்குத் திங்கட்கிழமை காலை ஒருவர் வந்து பட்டனை அழுத்தும்வரை அலுவலகம் காத்திருக்க வேண்டும். யூபிஎஸ் வாங்குவதானால் யூஎஸ்பி வழியாகச் சர்வரோடு பேசக்கூடியதாகப் பாருங்கள். பேட்டரி தீர்வதற்குமுன் லினக்ஸ் ஒழுங்காகத் தன்னை நிறுத்திக்கொள்ள அந்தக் கேபிள் வேண்டும்.

கடைக்காரர் ஒத்துக்கொண்டால், பணம் கொடுப்பதற்கு முன்பே லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவில் இயந்திரத்தை இயக்கிப் பாருங்கள். இரண்டு போர்ட்டுகளும் தெரிகின்றனவா, எந்த டிரைவரோடு தெரிகின்றன என்று பார்த்து, இரண்டு மடிக்கணினிகளை இருபுறமும் இணைத்து, வலைப்பின்னல் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவியால் அரை மணி நேரம் முழு வேகத்தில் தரவை ஓடவிடுங்கள். பெட்டியைத் தொட்டுச் சூட்டைப் பாருங்கள், கர்னல் பதிவில் துண்டிப்பு வரி ஏதும் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். பிறகு பயாஸில் அந்த அமைப்பை இயக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகிவிட்டு, பட்டனைத் தொடாமல் நின்று பாருங்கள்.