லினக்ஸை அப்கிரேட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துச் சிறு அலுவலகங்களுக்கு லினக்ஸின் ஒரு வகையான டெபியனை நிறுவிப் பராமரித்துத் தருவது என் தொழில். புதிதாக டெர்மினலைத் தொடும் இளைஞர்கள், இத்தொழிலில் முன்பு நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இன்றும் இடறுகிறார்கள். பேக்கப் எடுக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. அதை இங்கே விரிக்கவில்லை.

இரண்டு வெளியீடுகளின் ரெப்போக்களைக் கலப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் தொகுப்புகள், இறங்கும் களஞ்சியமே ரெப்போ. 2025 மாம்பழப் பருவத்தில், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில், பில் போடும் கணினியில் டெபியன் 12 ஓடிக்கொண்டிருந்தது. லிப்ரேஆபீஸின் புதிய பதிப்பு வேண்டும் என்பதற்காக, அப்போது சோதனை நிலையிலேயே இருந்த டெபியன் 13இன் வரி ஒன்றை அங்கிருந்த தம்பி, ரெப்போக்களின் பட்டியலான சோர்சஸ் லிஸ்ட்டில் சேர்த்துவிட்டார். லிப்ரேஆபீஸ் வந்தது, அதனுடன், எல்லா மென்பொருள்களும் சார்ந்து நிற்கும் ஜிலிப்சியும் புதிய பதிப்புக்கு மாறியது.

இரண்டு ரெப்போக்களுக்கும் முன்னுரிமை எண் 500 என்றே இருந்தால், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏபிடி எப்போதும் உயர்ந்த பதிப்பையே தேர்ந்தெடுக்கும். ஆகவே அடுத்த முறை வழக்கம்போல் அப்கிரேட் கொடுத்தபோது பாதி பேக்கேஜ்கள் 13க்கும் மீதி 12இலுமாகப் பிரிந்து, பிரிண்டர் நின்றுபோனது. மாங்காய் இறக்கிய வண்டிகள் சீட்டுக்காக வாசலில் நின்றன. சேர்த்த வரியை நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். ஆகாது: ஏபிடி தானாகப் பழைய பதிப்புக்கு இறங்காது, அப்படி இறக்குவதை டெபியனும் ஆதரிப்பதில்லை. தரவை எடுத்து வைத்துக்கொண்டு முழுவதையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று.

புதிய பதிப்பு உண்மையிலேயே தேவையென்றால், நீங்கள் வைத்திருக்கும் வெளியீட்டுக்கென்றே அதைத் தொகுத்துத் தரும் பேக்போர்ட்ஸ் ரெப்போ இருக்கிறது. அதன் முன்னுரிமை எண் 100 என்பதால், நாம் பெயர் சொல்லிக் கேட்டாலன்றி எதுவும் உள்ளே வராது. எந்த ரெப்போவைச் சேர்த்தாலும், அப்கிரேட் கொடுக்கும் முன் 'ஏபிடி பாலிசி' கட்டளையை இட்டு அந்த எண்களைப் பாருங்கள்.

நீக்கப்படும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்துவது

வெறும் அப்கிரேட், நிறுவிய எதையும் நீக்காது; ஃபுல்-அப்கிரேட் தேவைப்பட்டால் நீக்கும். அந்தப் பட்டியலில் டெஸ்க்டாப்பின் பெயர் தென்பட்டால் 'என்' அழுத்தி நிறுத்துங்கள்.

லாக் கோப்பை அழிப்பது

ஒரே நேரத்தில் இரண்டு ஏபிடி ஓடாமல் தடுப்பதே லாக் கோப்பு. லாக் கிடைக்கவில்லை என்ற பிழை வந்தால் அதை அழிக்கக் கூடாது. வேறொரு ஏபிடி ஓடுகிறது, முடியும்வரை காத்திருங்கள்.

வெளியீட்டைத் தாண்டுவது

11இலிருந்து நேராக 13க்குப் போகக் கூடாது. 12 வழியாகவே போக வேண்டும்.

எஸ்எஸ்எச் வழியே பாதுகாப்பின்றி அப்கிரேட் செய்வது

எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து வேலை செய்யும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் வேலையும் அறுந்துவிடும் என்பதால், இணைப்பு போனாலும் வேலையைத் தொடரவிடும் டிமக்ஸுக்குள் அப்கிரேடைத் தொடங்குங்கள். அப்படியும் மின்தடையால் பாதியில் நின்றுவிட்டால், பாதியில் நின்ற பேக்கேஜ்களின் அமைப்பை முடிக்கும் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கட்டளையை முதலில் கொடுங்கள், பிறகே மற்றவை.

கான்ஃபிக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வது

நீங்கள் திருத்திய கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மாற்றட்டுமா என்று அப்கிரேடின் நடுவே கேட்கும்போது 'டி' அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு திரையில் வரும். அதைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். வெறுமனே என்டர் தட்டினால் உங்கள் கோப்பு அப்படியே இருக்கும். புதியது அதன் அருகிலேயே 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற பின்னொட்டுடன் சேமிக்கப்படும்.