பொதுநல நிறுவனத்தின் பெரிய சொத்தை விற்பதற்கு முன்

திருநெல்வேலிச் சீமையில் பள்ளி, முதியோர் இல்லம், மருத்துவமனை என நடத்திவரும் பொதுநல நிறுவனங்களுள் சில, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் இயங்குபவை. அத்தகைய நிறுவனத்தின் சொத்து இயக்குநர்களின் கைப்பொருள் அன்று. ஆகவே விலை பேசி அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே ஒப்புதலை முறைப்படி பெற்றுவிட வேண்டும்.

முதலில் நிறுவன விதிகளையும் தாய்ப்பத்திரத்தையும் வாசியுங்கள். சேரன்மகாதேவிப் பக்கம் யாரோ தானமாக எழுதிவைத்த நஞ்சை என்றால், அதன் வருமானம் இன்ன தர்மத்துக்கே சேர வேண்டும் என்ற ஒரு வரி அதில் இருக்கக்கூடும். இருந்தால் வழக்கறிஞரைக் கேளாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது அதே சட்டத்தின் 180ஆம் பிரிவு. ஒரு செயற்பிரிவை, அதாவது நிறுவனம் நடத்தும் ஒரு தனிப் பணியை அல்லது அதற்கான சொத்தை, முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ விற்க உறுப்பினர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். முந்தைய ஆண்டின் தணிக்கைக் கணக்குப்படி நிறுவனத்தின் நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மீதியில்) 20 சதவீதத்துக்கு மேல் முதலீடு பெற்றதோ, மொத்த வருமானத்தில் 20 சதவீதத்தை ஈட்டித் தந்ததோ இதில் அடங்கும். பலர் இடறுவது இங்கேதான். நிகர மதிப்பு 1 கோடி ரூபாய் உள்ள நிறுவனம் பாளையங்கோட்டையில் முன்னொரு காலத்தில் 3 லட்சத்துக்கு வாங்கிய கடைக்கட்டடம் முதல் அளவுகோலுக்கு எட்டாது. ஆனால் அதன் வாடகை மட்டுமே ஆண்டு வருமானத்தில் கால்பங்கு என்றால் இரண்டாவது அளவுகோலைத் தாண்டிவிடும். ஐயம் எழுந்தால் உறுப்பினர்களிடம் கொண்டுபோவதே நேர்மை என்பது என் உறுதியான கருத்து. தனியார் கம்பெனியாகப் பதிவான நிறுவனங்களுக்கு 2015ஆம் ஆண்டு அரசு அறிவிக்கை இப்பிரிவிலிருந்து விலக்கு அளிக்கிறது என்றாலும், உங்கள் சொந்த விதிகளிலேயே இக்கட்டுப்பாடு இருக்கலாம்.

கூட்ட அறிவிப்புக்கு மற்றக் கம்பெனிகளுக்கு 21 முழு நாள். 8ஆம் பிரிவு நிறுவனங்களுக்கு 14. ‘மனை விற்பது குறித்து’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல், சர்வே எண், விஸ்தீரணம், வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை, வாங்குபவருக்கு இயக்குநர் எவருடனாவது உள்ள உறவு, கிடைக்கும் பணம் செலவாகவிருக்கும் பணி ஆகிய அனைத்தையும் விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். சிறப்புத் தீர்மானம் நிறைவேற, ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைப்போல் மும்மடங்குக்குக் குறையக் கூடாது: எதிர்ப்பு 20 என்றால் ஆதரவு 60 வேண்டும், 59 போதாது.

தீர்மானம் நிறைவேறிய 30 நாளுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்கும் எம்.ஜி.டி.-14 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் அளிக்கும் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். விற்ற பணத்தை உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகையாகப் பிரித்துத்தர இயலாது. அது நிறுவனத்தின் கணக்கிலேயே வரவாகி, அதன் நோக்கங்களுக்கே செலவாக வேண்டும்.