வைஃபை பட்டியலைக் களையெடுங்கள்

யாருடைய லேப்டாப் பழுதுபார்க்க வந்தாலும், அதில் சேமித்து வைத்திருக்கும் வைஃபை பெயர்களை ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம். என்றோ தங்கிய விடுதி, என்றோ காத்திருந்த விமான நிலையம், வேலையை விட்டு வந்த அலுவலகம் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். முக்கால்வாசிக்குத் தானாக இணையும் வசதியும் இயங்கிக்கொண்டிருக்கும்.

கிடந்தால் என்ன என்று கேட்பார்கள். கடவுச்சொல் கேட்காத நெட்வொர்க்கைக் கணினி அடையாளம் காண்பது பெரும்பாலும் பெயரை வைத்துத்தான். அதே பெயரை எவர் வேண்டுமானாலும் தன் ரவுட்டருக்கோ போனுக்கோ சூட்டிக்கொள்ளலாம். பை திறந்து லேப்டாப்பை எடுத்த மாத்திரத்தில், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அது அந்தப் போலியோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை: விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் வைஃபையைத் திறந்து, சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலுக்குப் போங்கள். கடவுச்சொல் கேட்காத திறந்த நெட்வொர்க்குகள் அத்தனையையும் நீக்குங்கள். மிஞ்சுவதில் வீடு, அலுவலகம் தவிர மற்றவற்றுக்குத் தானியங்கி இணைப்பை அணைத்துவிடுங்கள்.

வீட்டு ரவுட்டரின் பெயரை மறைத்துவைத்தால் பத்திரம் என்று நம்புகிறவர்களோடு எனக்கு ஓயாத வழக்கு. ரவுட்டர் வாயை மூடிக்கொண்டால் லேப்டாப் அல்லவா தேட வேண்டியிருக்கிறது? 'இன்ன பெயர் இங்கே இருக்கிறதா' என்று போகிற இடமெல்லாம் அது கூவிக்கொண்டே திரியும். மறைக்காதீர்கள். அதைவிட, ரவுட்டர் செட்டிங்ஸில் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3 (WPA3) ஆக மாற்றுங்கள், வைஃபையைப் பூட்டிவைக்கும் முறைகளில் புதியது, 2018இல் வந்தது. பழைய கருவி அதற்கு ஒத்துவராவிட்டால் ஏஇஎஸ் (AES) என்ற குறியாக்கம் கொண்ட, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 போதும், கடவுச்சொல் மட்டும் நீளமாக இருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் முந்தைய டபிள்யூஇபி (WEP) முறை 2001லேயே உடைபட்டுப்போனது. அதை மட்டுமே அறிந்த ரவுட்டரைக் கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

வெளியிடங்களில் என் முதல் தேர்வு சொந்த போனின் ஹாட்ஸ்பாட். வேறு வழியில்லாதபோது, சரியான பெயரை அங்கே வேலை செய்பவரிடம் கேட்டுக்கொண்டு இணையுங்கள். விண்டோஸில் அந்த இணைப்பு 'பொது' என்ற வகையில் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்து மேசைக்காரரின் கணினிக்கு உங்கள் கணினி எளிதில் தட்டுப்படாது. தளம் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால், 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்தாதீர்கள். விடுதி வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் அறை எண் கேட்பது இயல்பு. மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்டால் உடனே துண்டித்து, அந்தப் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.